வாசலிலேயே மறிக்கலாமா?

என் மகள், வீட்டிலிருந்தபடியே வடாம், அப்பளம், பொடி வகைகள் செய்து, இணையதளம் மூலம் விற்கிறாள். அதை வடிவமைத்தவர், பக்கம் திறந்ததுமே, 'போன் நம்பர் கொடுங்கள், 10 சதவீதம் தள்ளுபடி' என, ஒரு பெட்டி குதிக்கிற மாதிரி வைத்திருந்தார். மூடுகிற பெருக்கல் குறியோ கடுகளவு! கீழே, 'வேண்டாம், எனக்கு பணம் மிச்சம் பிடிக்க விருப்பமில்லை' என்று ஒரு பட்டன் வேறு. கண்ணாடி போட்டும் குறி தெரியாமல், நானே வெளியே வந்துட்டேன். பெத்த பொண்ணு கடைக்கே இந்த கதி!

'ஏண்டி... மதுராந்தகம் கடைத்தெருவுல, வாசல்லயே மறிச்சு நம்பர் கேட்டா, புடவை கடைக்குள்ளே போவியா? உட்கார வெச்சு, நாலு புடவை பிரிச்சுக் காட்டின பிறகு தானே, தள்ளுபடி பேச்சே வரும்...' என்றேன்.

இப்படி வெட்கப்படுத்தி சம்மதிக்க வைப்பதையும், மூட மூட நச்சரிப்பதையும், 2023, நவம்பர் 30ல், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தடை செய்த 13 தந்திரங்களில் சேர்த்துள்ளது. பக்கத்தையே மறைக்கும் பெட்டிகள் வைத்தால், மொபைல் தேடலில் பின்னுக்கு போகலாம் என்ற விதியை, 2017லேயே கூகுள் கொண்டு வந்து விட்டது.

இப்போது, இரண்டு பொருளைப் பார்த்த பிறகே, பக்கத்தின் அடியில் சின்னதாக வருகிறது பெட்டி. 'வேண்டாம்' என்று மட்டும் பட்டன். ஒருமுறை மூடினால், ஒரு மாதம் எட்டிப் பார்க்காது. நம்பர் கொடுப்பவர்கள் முன்பை விட குறைவு தான். வடிவமைத்தவருக்கு அதில் வருத்தம். ஆனால், கொடுப்பவர்கள் வத்தக்குழம்பு பொடியாவது வாங்குகின்றனர்.

புதுசாக எது வைத்தாலும், போன் முதலில் என் கைக்கு தான் வருகிறது. கண்ணாடி இல்லாமல் நான் மூடினால் தான், அது பாஸ்!

— வாசகி, மதுராந்தகம்.