போகிற கடிதம் போகிறது. வருகிற கடிதம் எங்கே?



"மெயில் போகுது சார், வரத்தான் மாட்டேங்குது." இணைய இணைப்பை மாற்றிய அலுவலகங்களில் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். இங்கே ஸ்கெலட்டனில், நம் பிள்ளைகளுக்கு வேலை தேடித் தரும் ஒரு சிறு அலுவலகத்திலும் இதுவே நடந்தது. பழைய தொலைபேசிக் கம்பியை விட்டு ஃபைபருக்கு மாறினார்கள். வேகம் கூடியதில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு கடிதம்கூட வரவில்லை என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போய்ப் பிழைக்கும் ஊர் இது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு ஒன்று தவறினால் என்ன நஷ்டம் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

காரணம் எளிது. நாம் அனுப்பும்போது நம் கணிப்பொறி போய் அடுத்தவர் கதவைத் தட்டுகிறது. அதற்கு எந்த இணைப்பும் போதும். நமக்கு வரும் கடிதமோ நம் கதவைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக டிஎன்எஸ் என்னும் பெயர்ப் பதிவேட்டில் எம்எக்ஸ் என்றொரு குறிப்பு உண்டு. 1986இல் வகுத்த முறை. இன்ன பெயருக்கு வரும் அஞ்சலை இன்ன இயந்திரத்தில் கொடு என்று அது சொல்லும். அந்த இயந்திரத்தின் ஐபி எண்ணும் பதிவேட்டில்தான் இருக்கிறது. அஞ்சல் இயந்திரத்தை அலுவலகத்திலேயே வைத்திருப்பவர்கள் இணைப்பை மாற்றினால் எண் மாறிவிடும். பதிவேட்டைத் திருத்தாவிட்டால் கடிதங்கள் காலி செய்த வீட்டின் கதவையே தட்டிக்கொண்டிருக்கும்.

திருத்திய பிறகும் புதிய ரவுட்டர் 25ஆம் எண் போர்ட்டை உள்ளே இருக்கும் அஞ்சல் இயந்திரத்துக்குத் திருப்பிவிட வேண்டும். சில மலிவான இணைப்புகளில் பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரே எண்தான். அங்கே என்ன செய்தாலும் கடிதம் வராது. நிலையான தனி எண் உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஓர் ஆறுதல்: சேராத கடிதம் உடனே அழிந்துவிடாது. அனுப்பியவரின் இயந்திரம் வழக்கமாக நான்கைந்து நாள் திரும்பத் திரும்ப முயலும்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். இணைப்புக் கொடுத்தவர் "நெட் வருதில்ல, எங்க வேலை முடிஞ்சுது" என்கிறார். பதிவேட்டுக்கான கடவுச்சொல்லோ, எப்போதோ அமைத்துக் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போனவர் கையில்! வீட்டுப் பத்திரத்தைத் தரகரிடமே விட்டுவைப்போமா? முகவரிப் பெயர் அலுவலகத்தின் பேரில் பதிவாக வேண்டும்; கடவுச்சொல் நம் பீரோவில் இருக்க வேண்டும். இணைப்போடு இலவசமாகத் தரும் முகவரியை நம்பவே கூடாது. 2011 ஜனவரி முதல் நாடெங்கும் கைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். மின்னஞ்சலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சிறிய அலுவலகங்கள் சொந்த இயந்திரத்தை விட்டு, வெளியே அஞ்சல் சேவை தருபவர்களிடம் போவதே மேல் என்பேன். இணைப்பு மாறினாலும் கடிதம் நிற்காது. அங்கேயும் பெயர் மட்டும் நம்முடையதாக இருக்கட்டும்.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பழைய இணைப்பை ஒரு மாதம் வைத்திருங்கள். சோதனைக் கடிதத்தை அலுவலகத்துக்குள்ளிருந்து அனுப்பாதீர்கள். அது எப்படியும் வந்து சேரும். கைபேசியில், வேறொரு முகவரியிலிருந்து அனுப்பிப் பாருங்கள்.