முதலில் ஓர் அட்டைப் படகு

மரத்தில் படகு கட்ட முனைபவர் அதை முதலில் அட்டையில் கட்டிப் பார்க்க வேண்டும். இப்படிச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். அட்டை சிறுவர்கள் வெட்டி ஒட்டும் பொருள். படகோ நடுக்கடலில் உயிரைத் தாங்கும் பொருள். இரண்டுக்கும் என்ன உறவு என்பார்கள். உறவு உண்டு. அது எத்தகையது என்பதை நம் பள்ளிகள் மாணவர்களுக்குச் சொல்லித் தரவேண்டும் என்பதே என் கருத்து.

கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள மீனவக் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரங்கள் ஓடின. அவற்றைக் கட்டியவர்கள் அட்டையில் மாதிரி செய்து பார்த்தார்களா என்று நீங்கள் கேட்கலாம். இல்லைதான். ஆனால் அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. தந்தை கட்டிய மரத்தைப் பார்த்தே மகன் கட்டினான். முந்திய மரமே அடுத்த மரத்துக்கு மாதிரியாக அமைந்தது. மேலும் கட்டுமரத்தின் ஒவ்வொரு கட்டையும் தானே மிதக்கும். அலை மேலே புரண்டாலும் அது மூழ்குவதில்லை. சிறு பிழைகளை அது மன்னித்துவிடும்.

கட்டும் பொருள் மாறும்போதுதான் சிக்கல் எழுகிறது. கட்டுமரத்துக்கு ஏற்ற பெரிய மரங்கள் கிடைப்பது அரிதாகி விலையும் ஏறியபோது, 1980களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகையால் படகு கட்டும் முயற்சி நடந்தது. ஒட்டுப்பலகைத் தகடுகளை வடிவத்துக்கு வெட்டி, ஓரங்களில் துளையிட்டுக் கம்பியால் தைத்து, தையலின்மீது கண்ணாடியிழைத் துணியைப் பிசினால் ஒட்டுவது அந்த முறை. தைத்த படகு நமக்குப் புதிதன்று. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்த மசூலாப் படகின் பலகைகளும் கயிற்றால் தைக்கப்பட்டவையே. ஆயினும் ஒட்டுப்பலகையில் முந்திய தலைமுறையின் அனுபவம் யாருக்கும் இல்லை. பார்த்துக் கட்டப் பழைய படகும் இல்லை.

இங்கேதான் அட்டை உதவிக்கு வருகிறது. ஒரு பந்தை அஞ்சலட்டையால் போர்த்திப் பாருங்கள். அட்டை மடிந்து சுருங்குமே தவிர, பந்தோடு படியாது. உருளையாகவோ கூம்பாகவோ அதை வளைக்கலாம். ஒரே இடத்தில் இரு திசைகளிலும் வளைக்க முடியாது. ஒட்டுப்பலகையின் குணமும் அதுவே. அட்டை சுருங்கும் இடத்தில் பலகை வெடிக்கும். எனவே எந்த வடிவம் பலகையில் அமையும், எது அமையாது என்பதை அட்டை முன்கூட்டியே சொல்லிவிடும். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியில் இரு தகடுகளுக்கு இடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், அது மெய்ப்படகில் 3 சென்டிமீட்டர் ஓட்டை. அட்டையைத் திருத்தக் கத்தரிக்கோல் போதும். வெட்டிய பலகையை எந்தக் கத்தரிக்கோலும் திருத்தாது.

மாதிரி இன்னும் பல கேள்விகளுக்குப் பதில் சொல்லும். ஆனால் அதன் கணக்கை நாம் அறிந்திருக்க வேண்டும். 5 மீட்டர் நீளமுள்ள படகுக்கு 50 சென்டிமீட்டர் நீளத்தில் மாதிரி செய்வதாகக் கொள்வோம். நீளம் 10 மடங்கு குறைந்தால் பரப்பு 100 மடங்கும் கன அளவு 1000 மடங்கும் குறையும். ஆட்களும் வலையும் சேர்ந்து படகின் எடை 600 கிலோகிராம் என்றால், மாதிரியின் மொத்த எடை 600 கிராம் இருக்க வேண்டும். அட்டைக்கு மெழுகு பூசி, குறையும் எடைக்கு மணலிட்டு, தொட்டியில் மிதக்கவிடுங்கள். மாதிரி 2 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் படகு 20 சென்டிமீட்டர் அமிழும். கடல்நீர் சற்று அடர்த்தி மிகுந்ததாகையால் கடலில் சிறிதளவு குறையும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நம் வீட்டுத் தொட்டியிலேயே வேலை செய்வதைக் காணலாம்.

அடுத்து, மாதிரியைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்து விடுங்கள். அது ஆடும். பத்து ஆட்டங்களுக்கு எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் மணல் பையைத் தீப்பெட்டியின் மேல் வைத்து உயர்த்துங்கள். ஆட்டம் மெதுவாகும். இன்னும் உயர்த்தினால் மேலும் சோம்பலாக ஆடி, ஒரு கட்டத்தில் கவிழ்ந்துவிடும். மெதுவான ஆட்டம் சுகமானது என்று எண்ணிவிடக் கூடாது. எடை மேலேறிவிட்டது என்னும் எச்சரிக்கை அது.

இந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாததன் விளைவை 1628ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரம் கண்டது. சுவீடன் நாட்டின் போர்க்கப்பல் வாசா புறப்படுமுன், அதன் நிலைத்தன்மையை அறிய 30 பேரைத் தளத்தின் குறுக்கே ஓடவிட்டார்கள். கப்பல் மிகவும் ஆடியதால் சோதனையை நிறுத்தினார்கள், கப்பலைத் திருத்தவில்லை. ஆகஸ்டு 10 அன்று முதற்பயணத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை. காற்று சாய்த்தது, பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்தது, கப்பல் மூழ்கியது.

மாதிரியைக் கொண்டு வேகத்தையும் கணிக்கலாம் என்று காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் புரூட். 1867இல் 'ஸ்வான்', 'ரேவன்' என்னும் இரு வடிவ மாதிரிகளை டார்ட் ஆற்றில் இழுத்துப் பார்த்தார். 1872இல் டார்க்கி நகரில் நீண்ட தொட்டி ஒன்றை அமைத்து, மெழுகு மாதிரிகளைச் சோதித்தார். நீளம் 10 மடங்கு குறைந்தால் வேகம் 10இன் வர்க்கமூலமாகிய 3.16 மடங்கு குறைய வேண்டும். அப்போதுதான் மாதிரி எழுப்பும் அலைகள் கப்பலின் அலைகளை ஒத்திருக்கும் என்றார். நீரின் உராய்வு இந்த விதிக்குக் கட்டுப்படாது என்பதையும் அறிந்து, அதைத் தனியே கணக்கிட்டுச் சேர்த்தார்.

மாதிரி எதைச் சொல்லாது என்று அறிவதும் அறிவியலே. வலிமையைப் பற்றி அட்டைப் படகு பேசாது. 10 மடங்கு பெரிதாக்கினால் எடை 1000 மடங்கு ஏறும். அதைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்போ 100 மடங்குதான் ஏறும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 10 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். கலிலியோ 1638இல் விளக்கிய உண்மை இது. "மாதிரி உடையவில்லை, எனவே படகும் உடையாது" என்று சொல்பவரை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது.

கணிப்பொறி இருக்கும்போது அட்டை எதற்கு என்பது அடுத்த கேள்வி. கல்பாக்கத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. இங்கு 1985இல் 40 மெகாவாட் வெப்பத்திறனுக்கு வடிவமைத்த சோதனை ஈனுலை இயங்கத் தொடங்கியது. அதில் கற்ற பின்பே 500 மெகாவாட் மின்திறன் ஈனுலையின் கட்டுமானத்தில் இறங்கினார்கள். அந்தப் பெரிய உலைக்குள் திரவச் சோடியம் எவ்வாறு ஓடும் என்பதை அறிய, கால் அளவு மாதிரி ஒன்றைச் செய்து அதில் நீரை ஓட்டி ஆராய்ந்தார்கள். கணிப்பொறி இருந்தும் மாதிரியைக் கைவிடவில்லை. கணிப்பொறிக்கு நாம் சொல்லாமல் விட்டதை அது தானாகச் சேர்த்துக்கொள்ளாது. நீர் எதையும் விட்டுவைப்பதில்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தக் கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன. அவை ஓர் அச்சிலிருந்து வார்க்கப்படுபவை. அச்சில் ஒரு பிழை இருந்தால், அதிலிருந்து வரும் அத்தனை படகுகளிலும் அதே பிழை இருக்கும். முதலிலேயே பார்த்துக்கொள்ளும் பழக்கம் இன்று முன்னினும் தேவையாகிறது.

அந்தப் பழக்கம் பள்ளியில் தொடங்க வேண்டும். நம் அறிவியல் கண்காட்சிகளில் மாதிரிகளுக்குக் குறைவில்லை. வண்ணம் பூசிய தெர்மாகோல் அணைகள், விளக்கெரியும் நகரங்கள், கடையில் வாங்கிய எரிமலைகள் எனப் பலவும் உண்டு. எந்த மாதிரியையும் யாரும் அளப்பதில்லை. அழகுக்குப் பரிசு கொடுத்துவிட்டுக் கலைந்து போகிறோம். ஆசிரியர்கள் ஒவ்வொரு மாதிரியின் அருகிலும் நான்கு வரிகளைக் கேட்க வேண்டும்: எந்தக் கேள்விக்காகச் செய்தாய்? என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தாய்? அளந்தபோது என்ன கிடைத்தது? இந்த மாதிரி எதைச் சொல்லாது? கவிழ்ந்த படகைக் கொண்டுவந்து, அது ஏன் கவிழ்ந்தது என்று எண்களோடு சொல்லும் மாணவிக்கே முதற்பரிசு கொடுக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, தடித்த அட்டை, மெழுகு, ஒரு பை மணல், ஒரு கடிகாரம், இவ்வளவுதான் தேவை. இந்த விடுமுறையில் ஒரு படகு செய்யுங்கள். அதன் எடையையும், அமிழ்ந்த ஆழத்தையும், ஆடிய காலத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். மணலை எவ்வளவு உயர்த்தியபோது கவிழ்ந்தது என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.