அழியாமற் காத்தல்

ஓலைச்சுவடியைக் கறையான் அரித்து முடிக்கப் பல நாள் வேண்டும். கணினியிலுள்ள தரவுத்தளத்தை அழிப்பதற்கோ ஒரு வரிக் கட்டளை போதும். வங்கிக் கணக்கும், மருத்துவக் குறிப்பும், மாணவர் மதிப்பெண்ணும் இன்று அத்தகைய களஞ்சியங்களிலேயே வைக்கப்பெறுகின்றன. ஆதலால் அவற்றைக் காக்கும் முறையை அறிதல் இன்றியமையாதது.

மென்பொருள் எழுதுவோர் தம் படைப்புகளைச் சேமித்து வைக்க உதவும் நிறுவனம் கிட்லேப். 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் இரவு, அதன் பொறியாளர் ஒருவர் தரவுத்தளக் கோளாறு ஒன்றைச் சீர்செய்ய முயன்றார். துணைக் கணினியில் இருப்பதாக எண்ணி, முதன்மைக் கணினியின் கோப்புகளை அழிக்கக் கட்டளையிட்டார். ஓரிரு நொடிகளில் பிழையுணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட் அளவுள்ள தரவு மறைந்துவிட்டது.

காப்பு நகல்களைத் தேடினர். மென்பொருட் பதிப்புகள் ஒவ்வாமையால், நாள்தோறும் எடுக்கப்பெற வேண்டிய நகல் எடுக்கப்பெறவே இல்லை. அதனை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. அப்பொறியாளரே வேறொரு பணிக்காக ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்திருந்த நகலே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்துத் தரவு மீளவில்லை. நிறுவனம் நடந்ததை மறையாது உலகறிய வெளியிட்டது.

பொறியாளரைப் பழித்தல் எளிது; ஆயினும் அது முறையன்று. களைத்த கை என்றேனும் தவறும். தவறிய கையைத் தடுக்க வேலியில்லாமையே பெருங்குற்றம்.

அவ்வேலிகள் அரியவை அல்ல. எவ்வரிசைகளை நீக்குவது என்னும் நிபந்தனையை எழுத மறந்தால், நீக்கற்கட்டளை அட்டவணை முழுவதையும் வெறுமையாக்கிவிடும். ஆகவே அந்நிபந்தனையைக் கொண்டு முதலில் வரிசைகளைப் படித்துப் பார்த்து எண்ணிக்கொள்ளல் வேண்டும். பின்னரே நீக்கல் வேண்டும். மாற்றத்தை உறுதி செய்யுமுன் திரும்பப் பெறுதற்குரிய வழியைப் பல தரவுத்தளங்கள் அளிக்கின்றன. அதனைக் கைக்கொள்ளல் நன்று. அழிக்கும் உரிமையைத் தேவையுள்ள சிலர்க்கே வழங்கல் வேண்டும்.

இவை யாவற்றினும் சிறந்தது, வேறோரிடத்தில் நகல் வைத்து, அதிலிருந்து தரவை அவ்வப்போது மீட்டுப் பார்ப்பதாகும். மீட்டுப் பாராத நகல், திறந்து பாராத களஞ்சியம் போன்றது. உள்ளே நெல் உண்டென்று நம்பியிருப்போர், பஞ்சம் வந்த நாளில்தான் அது பதரென்று அறிவர். அன்று அறிந்து ஆவது யாது?