நாலு சீட்டு, ஒரு தட்டு

விழுப்புரத்தில் பஸ் ஏறி திண்டிவனம் போகிற வழியில் முண்டியம்பாக்கம் வரும். அங்கே ஒரு சர்க்கரை ஆலை. அதே ஊரில்தான் 2010-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும். சர்க்கரை தயாரிப்பதும் சர்க்கரைக்கு வைத்தியம் பார்ப்பதும் ஒரே ஊர்! அதைத் தாண்டிப் போனால் திண்டிவனம். எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர். டி.எம்.வி. என்று ஆரம்பிக்கிற நிலக்கடலை ரகங்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மூன்றெழுத்து திண்டிவனத்தைத்தான் குறிக்கிறது. அங்கிருந்து கிழக்கே போனால் மரக்காணம். கண்ணுக்கு எட்டியவரை உப்பளம்.

சர்க்கரை, எண்ணெய், உப்பு. டாக்டர்கள் 'குறைங்க' என்று சொல்லும் மூன்றையும் ஊருக்கே சப்ளை செய்கிற மாவட்டம் எங்களுடையது. அந்த மண்ணில் பிறந்தவன் என்ற தகுதியில், சாப்பாட்டைப் பற்றி இந்த வாரம் கொஞ்சம் சண்டை போட அனுமதி கொடுங்கள்.

என் அம்மா திண்டிவனத்தில் இருக்கிறார். வயது அறுபத்தெட்டு. சர்க்கரை வந்து பத்தொன்பது வருஷம். கூடவே பிரஷர். மூன்று வருஷமாக கிட்னி கொஞ்சம் மக்கர் செய்கிறது. போதாக்குறைக்கு யூரிக் ஆசிட் ஏறி, கால் கட்டைவிரல் வீங்கி, ஒருநாள் செருப்புப் போட முடியாமல் உட்கார்ந்துவிட்டார். நாலு கோளாறு, நாலு டாக்டர். ஒவ்வொரு டாக்டரும் 'வெளியில டயட் சீட்டு வாங்கிக்கங்க' என்று அனுப்ப, திண்டிவனத்தில் இரண்டு, விழுப்புரத்தில் இரண்டு என நாலு சீட்டு சேர்ந்துவிட்டது. எல்லாம் தனியார் இடங்கள். பெயர் வேண்டாம். போர்டு மாறினாலும் சீட்டு மாறப்போவதில்லை.

நான் பி.காம். படித்தவன். மருத்துவம் தெரியாது. ஆனால் டிரையல் பேலன்ஸ் போடத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு சீட்டையும் பரப்பிவைத்து, நீளமான நோட்டில் பற்று, வரவு என்று இரண்டு காலம் போட்டேன்.

சர்க்கரை சீட்டு சொன்னது: அரிசியைக் குறையுங்கள். கேழ்வரகு, கோதுமை, சுண்டல், பயறு, கீரை நிறையச் சாப்பிடுங்கள். நடுவில் பசித்தால் ஒரு கைப்பிடி பாதாம்.

பிரஷர் சீட்டு சொன்னது: ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடாது. பழம், காய்கறி, இளநீர் நல்லது. சோடியம் குறைந்த உப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிட்னி சீட்டு சொன்னது: கீரை கூடாது. இளநீர் கூடாது. வாழைப்பழம் கூடாது. பாதாம், கடலை கூடாது. பருப்பு கூடாது. கேழ்வரகு வேண்டாம், வெள்ளை அரிசியே பரவாயில்லை. தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்.

யூரிக் ஆசிட் சீட்டு சொன்னது: பருப்பு, பயறு, கீரை, காளான், மீன், கறி எதுவும் கூடாது. தண்ணீர் மட்டும் மூன்று லிட்டர் குடிக்க வேண்டும்.

கூட்டிக் கழித்துப் பார்த்தேன். டேலி ஆகவில்லை. ஒரு சீட்டில் வரவாக இருப்பது அடுத்த சீட்டில் பற்று. தண்ணீர்கூட ஒத்துவரவில்லை என்றால் பாருங்கள்! கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "எல்லாத்தையும் கழிச்சா சுரைக்காயும் சுடுதண்ணியும்தான்டா மிச்சம். அப்புறம் என்னாத்தடா திங்கிறது?"

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

ஏனென்றால் அம்மா நாலு சீட்டையும் நம்பினார். படித்தவர்கள் எழுதிக் கொடுத்தது தப்பாக இருக்காது என்று நினைக்கிற தலைமுறை. சர்க்கரை சீட்டுக்காகச் சோற்றைக் குறைத்தார். கிட்னிக்காகப் பருப்பை விட்டார். யூரிக் ஆசிட்டுக்காக மீனை விட்டார். ஆனால் மாத்திரையும் இன்சுலினும் மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தன. அதைப் பற்றி எந்தச் சீட்டிலும் ஒரு வரி இல்லையே!

ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு தங்கையிடமிருந்து போன். "அண்ணே, அம்மாவுக்கு ஒடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது. பேச்சு கொழறுது. மெஷின்ல 46 காட்டுது. சக்கரை போடலாமா, கூடாதாண்ணே?"

அந்தக் கேள்வியை நன்றாகக் கவனியுங்கள். சர்க்கரை இறங்கி ஒரு உயிர் ஊசலாடுகிறது. மருந்து அடுப்படி டப்பாவில் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக 'சர்க்கரை விஷம், சர்க்கரை விஷம்' என்று கேட்ட வீட்டில், அந்த டப்பாவைத் திறக்க என் தங்கைக்குக் கை வரவில்லை. 'போடு' என்று கத்தினேன். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் அம்மா கண்ணைத் திறந்து, 'என்னாத்துக்கு எல்லாரும் முழிச்சிட்டு இருக்கீங்க?' என்றாராம்.

பின்னால் புரிந்துகொண்ட விஷயம் இது. உடம்பில் இருக்கும் இன்சுலினை அகற்றுகிற வேலையில் கிட்னிக்குப் பெரிய பங்கு உண்டு. கிட்னி தளர்ந்தால் இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். சில சர்க்கரை மாத்திரைகளும் அப்படித்தான். அதனால் கிட்னி தளரத் தளர மருந்தின் அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும். சாப்பாட்டைக் குறைத்தால் இன்னும் அவசியம். மருந்து பழையபடி இருந்து சோறு மட்டும் குறைந்தால், கதை விடியற்காலை மூன்று மணிக்குத்தான் போய் நிற்கும்.

அடுத்த வாரம் செக்கப்புக்குக் கூட்டிப் போனோம். டயட் பிரிவில் இருந்த பெண் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது: "என்னம்மா, டயட்டை ஒழுங்கா ஃபாலோ பண்ணலையா?"

ஃபாலோ பண்ணினதாலதான் தாயே வந்தது!

என் சண்டை அந்தப் பெண்ணோடு இல்லை. இருபத்தைந்து வயது இருக்கும். வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு ஐந்து நிமிஷம். கையில் அச்சடித்த தாள். அதில் ஓட்ஸ் இருக்கிறது, ஆலிவ் எண்ணெய்கூட இருக்கிறது. கடலை எண்ணெய் மணக்கிற திண்டிவனத்தில் ஆலிவ் எண்ணெய்! அந்தத் தாளை எழுதியவர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தவரில்லை என்பது மட்டும் நிச்சயம். 2011-லிருந்து தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி இலவசம். ஓட்ஸ் அல்ல. இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாத சீட்டு, ஒரு ஏழை வீட்டுத் தட்டை எப்படி மாற்றும்?

என் சண்டை, மனுஷிக்கு எழுதாமல் நோய்க்கு எழுதுகிற சீட்டோடு. நாலு கிளைக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதிவிட்டு, தலைமை அலுவலகத்தில் ஒன்று சேர்த்துப் பார்க்காவிட்டால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். நோயாளிக்கு மட்டும் நாலு பேரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். சேர்த்துப் பார்க்கிற வேலை யாருடையது? நோயாளியுடையதாம்! எட்டாவது படித்த அம்மா, நாலு ஸ்பெஷலிஸ்ட்டுகளின் கருத்து வேறுபாட்டைத் தன் சாப்பாட்டுத் தட்டில் தீர்த்துவைக்க வேண்டுமாம்!

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு 2023-ல் லான்செட் குழும இதழில் வந்தது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டில் 14.4 சதவிகிதம். எங்களுக்குப் பக்கத்து ஊரான புதுச்சேரியில் 26.3 சதவிகிதம். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கணக்குப்படி, அங்கே சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு கிட்னிக் கோளாறும் இருக்கிறது. சர்க்கரை பெரும்பாலும் தனியாக வருவதில்லை, கூட்டாளிகளோடுதான் வருகிறது. அப்படியிருக்க, ஒற்றை நோய்க்கு அச்சடித்த தாள் யாருக்காக?

'விஞ்ஞானமே அப்படித்தான் சார், ஒன்றுக்கொன்று முரண்படும்' என்று நண்பர் ஒருவர் சமாதானம் சொன்னார். அதையும் படித்துப் பார்த்தேன். முரண்பாட்டில் பாதி விஞ்ஞானத்தில் இல்லை, சீட்டில்தான் இருக்கிறது.

கிட்னி மருத்துவத்துக்கான உலக அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ., சர்க்கரையும் கிட்னிக் கோளாறும் சேர்ந்து உள்ளவர்களுக்காக 2022-ல் வழிகாட்டி வெளியிட்டது. அது என்ன சொல்கிறது தெரியுமா? காய்கறி, பழம், முழு தானியம், பருப்பு வகை எல்லாம் நிறைந்த உணவை ஆளுக்குத் தகுந்தபடி அமைத்துக் கொடு என்கிறது. டயாலிசிஸ் கட்டத்துக்குப் போகாதவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம். ஐம்பது கிலோ இருக்கிற என் அம்மாவுக்கு 40 கிராம். 'பருப்பே கூடாது' என்று இதற்கு அர்த்தமா? உப்பு, நாளுக்கு 5 கிராமுக்குள். அதாவது ஒரு டீஸ்பூன். பொட்டாசியத்தையும் கிட்னி நோயாளி என்றாலே மொத்தமாகத் தடை செய்யக் கூடாது. ரத்தப் பரிசோதனையில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அம்மாவுடைய பொட்டாசியம் நார்மல். ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. சீட்டு எழுதியவர் இரண்டாம் பக்கம் திருப்பவில்லை.

யூரிக் ஆசிட்? 2004-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. 47,000-க்கும் அதிகமான ஆண்களை 12 வருஷம் கவனித்தார்கள். கறியும் மீன் வகைகளும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு கவுட் வரும் அபாயம் கூடியது. பியூரின் உள்ள காய்கறிகளால் கூடவில்லை. ஆண்களிடம் செய்த ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மாவிடமிருந்து பருப்பையும் கீரையையும் பிடுங்கியவர்கள் எந்த ஆய்வைக் காட்டுவார்கள்?

மறுபக்கம், நிஜமாகவே எச்சரிக்க வேண்டியதை எச்சரிக்கவில்லை. சோடியம் குறைந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதே, கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்றும் சேர்த்துச் சொன்னது. அம்மாவின் பிரஷர் சீட்டில் இதைத்தான் 'வாங்கிக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருந்தார்கள்! பக்கத்து வீட்டு மாமி சிபாரிசு செய்த இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் உப்புதான். பெயர் மாறினால் பிரஷர் ஏமாறாது.

'பேஷன்ட்டுங்க பொய் சொல்றாங்க சார். வடை தின்னுட்டு வந்து இல்லைங்கறாங்க' என்று டாக்டர்கள் வருத்தப்படுகிறார்கள். உண்மைதான். நம் ஜனங்கள் வடை தின்பார்கள், மறைக்கவும் செய்வார்கள். ஆனால் பின்பற்றவே முடியாத சட்டம் போட்டால் ஊரே குற்றவாளியாகத்தான் நிற்கும். திட்டுக்குப் பயந்து பொய் சொல்கிறவரை டாக்டரும் நம்ப மாட்டார். கடைசியில் மருந்தின் அளவை அந்தப் பொய்யை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

அரசாங்கத்தையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். டாக்டருக்குக் கவுன்சில், நர்ஸுக்குக் கவுன்சில் என்று வருஷக்கணக்காக இருந்த நாட்டில், உணவு ஆலோசகரையும் சேர்த்து தேசிய அளவில் ஒரு சட்டம் வர 2021 ஆனது. அதே 2021-ல், ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே போயின. நல்ல திட்டம். மனதாரப் பாராட்டுகிறேன். மாத்திரை வாசலைத் தேடி வர முடியுமென்றால், 'அடுப்படியில என்னம்மா இருக்கு?' என்று கேட்கிற ஒரு ஆள் ஏன் வரக் கூடாது? தாலுகாவுக்கு இரண்டு பேர் போட்டால்கூடப் போதும், ஆரம்பிக்கலாம்.

அதுவரை நீங்கள் என்ன செய்வது? சீட்டு ஒன்றுக்கு மேல் இருந்தால் அத்தனையையும் ஒரே டாக்டர் மேஜையில் வையுங்கள். 'இதுல எது எனக்கு?' என்று கேளுங்கள். கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது, பொட்டாசியம் எவ்வளவு என்று எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால், 'அப்ப மருந்து?' என்று உடனே கேளுங்கள். நீங்களாக மருந்தை மாற்றாதீர்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் யோசிக்காமல் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். விழுங்க முடியாமல் மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு யாரும் போன் போட்டுக் கேட்கும்படி வைக்காதீர்கள்.

கடைசியில் ஒரு டாக்டர் கிடைத்தார். நாலு சீட்டையும் வாங்கி மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "காலையில எழுந்ததும் என்னம்மா சாப்பிடுவீங்க? அங்கருந்து ஆரம்பிப்போம்" என்றார். இருபத்தைந்து நிமிஷம் பேசினார். இன்சுலினைக் குறைத்தார். தண்ணீருக்கு ஒரே ஒரு கணக்கு. ஒரு கரண்டி சோறு குறைந்து, ஒரு கப் பருப்பு திரும்பி வந்தது. கீரை வாரம் இரண்டு நாள். கடலை எண்ணெய் அளவோடு.

அம்மா அந்தச் சீட்டை முருகன் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். போன வாரம் போனபோது காட்டினார்.

"இதுலதான்டா மொத தடவையா 'சாப்பிடுங்க'ன்னு எழுதியிருக்கு."