பெல்வடீர்: பார்த்து முடித்தவர்களும் படிக்கத் தொடங்காதவர்களும்

கொல்கத்தா அலிப்பூரிலுள்ள பெல்வடீர் மாளிகைக்கு ஒருநாள் சென்றுவந்தோர் எழுதும் குறிப்புகளில் மூன்று கதைகள் தவறாமல் வரும்: துப்பாக்கிச் சண்டை, ஆவி, மூடிக்கிடந்த அறை. அந்த வளாகம்தான் இந்தியாவின் தேசிய நூலகம் என்பது முதல் பத்தியில் ஒரு பெயரடையாக வந்துவிட்டு மறைந்துபோகும். கல்விச் சுற்றுலா என்ற பெயரில் பல்கலைக்கழகத் துறைகள் ஏற்பாடு செய்யும் உலாக்களும் இந்த வழக்கத்துக்கு விலக்கல்ல என்பதே இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

ஜாதவ்பூரிலிருந்து புறப்படுவோருக்கு இந்தப் பயணம் எளிது. குளிர்கால விடுமுறையில் 8பி பேருந்து நிலையத்தில் கூடுவார்கள். வழியில் டாலி நாலாவைக் கடப்பார்கள். 1770களில் மேஜர் வில்லியம் டாலி தூர்வாரி அகலப்படுத்திய பழைய ஆதிகங்கை அது. அதே டாலிக்குத்தான் 1780இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் பெல்வடீரை விற்றார். கால்வாய்க்கும் மாளிகைக்கும் உள்ள இந்தத் தொடர்பைக் கவனிப்பவர் குறைவு. கால்வாயின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்பவரே மிகுதி. எதிரே விலங்குக்காட்சிச் சாலை; அதன் கூட்டத்தை விலக்கி உள்ளே நுழைந்தால் புல்வெளி, பெருமரங்கள், அகன்ற படிக்கட்டு, வெண்தூண்கள். தோட்டம் அழகானதே. அங்கே அமர்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்பதில் எந்தப் பிழையும் இல்லை. பிழை அதன்பின் எழுதப்படும் அறிக்கையில் இருக்கிறது.

முதற்கதை 1780 ஆகஸ்ட் 17 அன்று விடிகாலை நிகழ்ந்தது. தலைமை ஆளுநர் ஹேஸ்டிங்ஸும் அவருடைய ஆட்சிக்குழு உறுப்பினர் பிலிப் பிரான்சிசும் இவ்விடத்துக்கு அருகே துப்பாக்கியுடன் எதிரெதிரே நின்றனர். பிரான்சிஸ் காயம்பட்டுப் பிழைத்தார். இரண்டாம் கதை மெட்கால்ஃப் சீமாட்டியின் ஆவி. எடுத்த நூலை உரிய இடத்தில் வைக்காதவரின் பிடரியில் அவள் மூச்சு படுமாம். (இந்த மூன்று கதைகளிலும் நூல்களைப் பற்றிக் கவலைப்படும் ஒரே பாத்திரம் அந்த ஆவிதான் என்பதையும் குறிப்பிட வேண்டும்.) மூன்றாவது, 2010இல் தொல்லியல் துறையினர் புதுப்பிப்புப் பணியின்போது கண்டறிந்த, வாயிலோ சாளரமோ இல்லாத தரைத்தள அறை. சுமார் ஆயிரம் சதுர அடி. புதையல் என்றனர், தண்டனைக்கூடம் என்றனர், செய்தித்தாள்கள் சில மாதங்கள் அதில் வாழ்ந்தன. துளையிட்டுப் பார்த்தபோது உள்ளே இருந்தது மண். கட்டடத்தின் அடித்தளத்தை உறுதிப்படுத்த நிரப்பிய மண். ஆயினும் இன்றைக்கும் வழிகாட்டிகள் குரலைத் தாழ்த்திச் சொல்வது அந்த அறையின் கதையைத்தான்.

கணக்கைப் பார்க்கட்டும். வங்கத்தின் துணைநிலை ஆளுநர்கள் இந்த மாளிகையில் வாழ்ந்தது 1854 முதல் 1912 வரை, 58 ஆண்டுகள். ஹேஸ்டிங்ஸின் உரிமைக்காலம் அதனினும் மிகக் குறைவு. 1903இல் மெட்கால்ஃப் மண்டபத்தில் திறக்கப்பட்ட இம்பீரியல் நூலகம், 1948இல் சட்டத்தின் வழி தேசிய நூலகம் எனப் பெயர் மாறி, பெல்வடீருக்கு இடம்பெயர்ந்து, 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா அபுல் கலாம் ஆசாத்தால் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. அன்றிலிருந்து 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. எந்த ஆளுநர் வரிசையும் இங்கு வாழ்ந்ததைவிட நீண்ட காலம் இங்கு வாழ்ந்தவை நூல்கள். அழைப்பிதழ் இருந்தால் மட்டுமே நுழையக்கூடிய வீடு, வாசகர் அட்டை இருந்தால் நுழையக்கூடிய வீடானது. இம்மாளிகையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்ச்சி ஒன்றைச் சுட்டுவது கடினம். துப்பாக்கிச் சண்டையில் ஒருவர் விலாவில் குண்டு பாய்ந்தது, அவ்வளவே.

இங்கு ஒரு மறுப்பு எழும். காலனிய ஆட்சியை விமர்சிக்கும் நோக்கிலேயே மாணவர்களை அங்கு அழைத்துச் செல்கிறோம் என்பார்கள் சில பேராசிரியர்கள். நோக்கம் நன்று. ஆனால் அந்த விமர்சனமும் ஹேஸ்டிங்ஸில் தொடங்கி கர்சனில் முடிகிறது. போற்றினாலும் தூற்றினாலும் பேசப்படுவது உரிமையாளனின் வாழ்க்கை வரலாறு. மாளிகை யாருடையது என்ற கேள்விக்கு 1953 தந்த விடையை அந்த விமர்சனமே எடுத்துப் பேசுவதில்லை. பெயரும் அதற்கு ஒத்துழைக்கிறது: ‘பெல்வடீர்’ என்பது ‘அழகிய காட்சி’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல். வங்கத்துப் பாணி வீட்டைக் குறித்த ‘பங்களா’ ஆங்கிலத்துக்குப் போய்ப் பொருள் விரிந்து தமிழிலும் சொல்லாகிவிட்டது. ‘பெல்வடீர்’ அப்படித் தமிழில் இறங்கிக் கலக்காமல் வாயிற்பலகையிலேயே நின்றுவிட்டது. 2004இல் நூல்கள் பாஷா பவன் என்னும் புதுக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டபின் பழைய மாளிகை மறுபடியும் வெறும் காட்சிப்பொருளாகும் ஆபத்தில் இருக்கிறது. உலா வருவோர் மாளிகையின் முன் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். பாஷா பவனின் வாயில் அதே வளாகத்தில் நடைதூரத்தில் உள்ளது.

தமிழாய்வாளருக்கு இந்தக் குற்றச்சாட்டு இன்னும் நெருக்கமானது. ச. வையாபுரிப் பிள்ளையின் சொந்த நூலகம் இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. ஏறத்தாழ மூவாயிரம் நூல்கள், முந்நூறுக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள். 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்று, இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்த அகராதியை 1936இல் நிறைவுக்குக் கொண்டுவந்தவர். நாமதீப நிகண்டை 1930இல் பதிப்பித்தவர். சங்கப் பாடல்களைத் தொகைவாரியாக அன்றிப் புலவர்வாரியாக வரிசைப்படுத்திய 1940ஆம் ஆண்டுச் சமாஜப் பதிப்பின் பின்னிருந்த அறிவு. தொல்காப்பியத்துக்கும் திருக்குறளுக்கும் அவர் கணித்த காலத்தை ஏற்காதோர் இன்றும் மேடைதோறும் அவரை ஏசுகின்றனர். ஏற்போர் மேற்கோள் காட்டுகின்றனர். ஏசுவோரிலும் காட்டுவோரிலும் எத்தனை பேர் அவர் படித்த பிரதிகளைக் கையில் எடுத்தனர்?

இது பக்திக்காகக் கேட்கப்படும் கேள்வி அல்ல. ஒரு பதிப்பாசிரியர் ஏன் ஒரு பாடத்தை ஏற்று மற்றொன்றைத் தள்ளினார் என்பதை முன்னுரை முழுமையாகச் சொல்லாது. அவர் சேர்த்துவைத்த பிரதிகளும் அவர் புரட்டிய நூல்களுமே சொல்லக்கூடும். அகராதியில் ஒரு சொல்லுக்குத் தரப்பட்ட பொருளை மறுக்க விரும்பும் மொழியியல் மாணவர், அந்தப் பொருள் எந்த நிகண்டின் எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்று தேடவேண்டும். அச்சுப் பதிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே முனைவர் பட்டம் பெறும் வழக்கம் வசதியானது. ஆனால் அச்சுப்பிழை ஒன்று நான்கு பதிப்புகளில் தொடர்ந்து வந்திருந்தால் அந்த ஒப்பீடு அதை நான்கு சான்றுகளாக எண்ணிவிடும்.

இத்தொகுப்பு தமிழ்நாட்டில் இருந்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் தமிழ்ப் புலத்தில் அவ்வப்போது எழுவதுண்டு. இருந்திருக்கலாம். எனினும் மீட்டுக் கொண்டுவர வேண்டும் என்ற முழக்கம் படிக்காமைக்கு ஒரு சாக்காகிவிடுகிறது. சென்னையிலிருந்து ஹௌராவுக்கு நாள்தோறும் தொடர்வண்டி உண்டு. லண்டன் நூலகங்களில் தமிழ் நூல்களைத் தேடி நல்கை விண்ணப்பம் எழுதும் துறைகள், கொல்கத்தாவுக்கு ஒரு மாணவரை ஒரு மாதம் அனுப்புவதைக் களப்பணியாகக் கருதுவதில்லை. லண்டன் என்றால் ஆவணக்காப்பகம்; கொல்கத்தா என்றால் ரசகுல்லா.

வையாபுரிப் பிள்ளையோடு முடிவதும் அல்ல. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் நூல் வெளியிடும் ஒவ்வொருவரும் வெளியான 30 நாளுக்குள் தம் செலவில் ஒரு படியைத் தேசிய நூலகத்துக்கு அனுப்பவேண்டும். சென்னைக் கன்னிமாராவுக்கும் மும்பை, தில்லி நூலகங்களுக்கும் அவ்வாறே. 1956இல் செய்தித்தாள்களும் இதில் சேர்க்கப்பட்டன. சட்டம் சொல்வதும் பதிப்பாளர் செய்வதும் ஒன்றல்ல என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் தமிழ்நாட்டில் கிடைக்காத ஒரு நூலைத் தேடும் ஆய்வாளர் ‘படி கிடைக்கவில்லை’ என்று அடிக்குறிப்பு எழுதுமுன், சட்டம் அதை வைத்திருக்கச் சொன்ன இடத்தில் கேட்டாரா என்பதை நெறியாளர் வினவவேண்டும். வினவும் நெறியாளர் அரியர்.

ஜாதவ்பூருக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. ஒப்பிலக்கியத்துக்கென இந்தியாவில் முதல் துறை 1956இல் புத்ததேவ போஸின் முயற்சியால் தோன்றியது அங்குதான். தாகூரின் கையெழுத்துப் பிரதிகளையும் அச்சு வடிவங்களையும் பாட வேறுபாடுகளோடு இணையத்தில் ஒப்பிட வைத்த ‘பிசித்ரா’ தளம் 2013இல் வெளிவந்ததும் அப்பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பனுவல்களுக்கான புலத்திலிருந்தே. பிரதிகளை எண்ணிமமாக்கவும் பாடங்களைக் கணினிவழி ஒப்பிடவும் தெரிந்தவர்கள் டாலி நாலாவின் ஒரு கரையில்; வையாபுரிப் பிள்ளையின் பிரதிகள் மறுகரையில். இடையில் இல்லாதிருப்பது தமிழ் தெரிந்த ஆய்வாளரும் தமிழ்த்துறை ஒன்றின் கையொப்பமிட்ட முன்மொழிவும்தான். அதை எழுத வேண்டியது மதுரையோ சென்னையோ தஞ்சையோ, கொல்கத்தா அல்ல.

உலாக்கள் நிற்க வேண்டியதில்லை. அடுத்த குழு புல்வெளியில் உணவை முடித்தபின் மாளிகையின் படிக்கட்டில் நின்று வழிகாட்டியின் கதையைக் கேட்பதற்குப் பதிலாகப் பாஷா பவனுக்கு நடக்கட்டும். முன்கூட்டியே அனுமதி பெற்று, நாமதீப நிகண்டின் 1930ஆம் ஆண்டு அச்சுப் பதிப்பைக் கையோடு கொண்டுசென்று, வையாபுரிப் பிள்ளை தொகுப்பில் நிகண்டுப் பிரதி எதுவும் உண்டா என்று பட்டியலைக் கேட்கட்டும். இருந்தால் பத்துச் செய்யுள்களை மட்டும் ஒப்பிடட்டும். இல்லையென்றால் அதையும் அறிக்கையில் எழுதட்டும்.