அன்று ஆஷியம்மா என்ன சாப்பிட்டார்?

இன்னொரு ஜூலை 27 வந்து போய்விட்டது. தேவிபட்டினத்தில் கடலில் முழுகி நவபாஷாணத்தைச் சுற்றிவிட்டு ராமேஸ்வரம் கிளம்பும் வண்டிகள் இப்போதெல்லாம் பேய்க்கரும்பில் நின்றுதான் போகின்றன. கலாம் அங்கே உறங்குகிறார். நிற்கட்டும், நல்லதுதான்.

என் வருத்தம் வேறு. அன்று ஒரு பள்ளி விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்து பிள்ளைகள் பேசினார்கள். ஐந்து பேரும் தொடங்கியது ஒரே மாதிரி: "ஏழை மீனவக் குடும்பத்தில் பிறந்து..." எழுதிக் கொடுத்தவர்கள் ஆசிரியர்கள். பணியில் இருந்தபோது நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். ஆகவே இந்தப் பதிவில் முதல் குற்றவாளி நானே.

'அக்னிச் சிறகுகள்' வீட்டில் இருந்தால் முதல் சில பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். தந்தை ஜைனுலாப்தீன் பெரிய படிப்போ பணமோ இல்லாதவர்தான். ஆனால் அது மீன் பிடித்துப் பிழைத்த வீடல்ல. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிச் செல்ல மரப்படகு கட்டிய வீடு. பள்ளிவாசல் தெருவில் சுண்ணாம்பும் செங்கலும் வைத்துக் கட்டிய நல்ல வீடு. தாய் ஆஷியம்மா அதைவிடப் பேர்பெற்ற வம்சம். அவருடைய முன்னோர் ஒருவருக்கு வெள்ளைக்காரன் 'பகதூர்' பட்டம் கொடுத்திருக்கிறான். அந்த வீட்டில் குடும்பத்தாரைவிட வெளியார் அதிகம் சாப்பிட்டார்கள் என்று மகனே எழுதியிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். தினமும் அத்தனை பேருக்கு உலை வைத்த கை யாருடையது? ஒரு படகுத் தொழிலை ஒருவர் நடத்தினார் என்றால் அதற்குச் சமமான இன்னொரு தொழிலை அடுப்படியில் அவர் நடத்தினார். அந்தப் படகைப் புயல் கொண்டுபோன பிறகும் இந்த அடுப்பு எரிந்தது. இப்படிப்பட்ட மனுஷியைத்தான் மேடையில் பெயர்கூட இல்லாத 'ஏழைத் தாய்' ஆக்கி வைத்திருக்கிறோம்.

அடுத்து அந்தச் சப்பாத்திக் கதை. இரண்டாம் உலகப்போர்க் காலம், எல்லாம் ரேஷன். சிறுவன் கலாம் சாப்பிடச் சாப்பிட அம்மா சப்பாத்தி வைத்துக்கொண்டே இருக்கிறார். பிறகு அண்ணன் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார்: அம்மா தன் பங்கையும் உனக்கே வைத்துவிட்டார், நீ பார்க்கவில்லையா என்று. பையன் நடுங்கிப்போய் ஓடி அம்மாவைக் கட்டிக்கொள்கிறான்.

இதை நான் எத்தனையோ வருஷம் 'தாயின் தியாகம்' என்று தலைப்புப் போட்டு நடத்தினேன். ஒருநாள் கடைசி பெஞ்சில் ஒரு பெண்பிள்ளை எழுந்து கேட்டாள்: "சார், அன்னிக்கு அம்மா என்ன சாப்பிட்டாங்க?" வகுப்பே சிரித்தது. "பாடத்தைக் கவனிம்மா" என்று உட்கார வைத்தேன். இன்று வரை உறுத்துகிறது. அவள்தான் பாடத்தைக் கவனித்தவள்.

அந்தக் கதை தாயைப் பற்றியதே அல்ல, மகனைப் பற்றியது. பாத்திரத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கத் தவறிய ஒரு பையன் வெட்கப்பட்ட கதை. கலாம் அந்த வெட்கத்தை மறைக்காமல் எழுதினார். நாம் அதை நறுக்கி எறிந்துவிட்டுப் பசித்துக் கிடந்ததை மட்டும் எடுத்து மாலை போட்டோம். பையன்களுக்கு "அம்மாவைப் பார்த்துச் சாப்பிடு" என்று சொல்லாமல், பெண்பிள்ளைகளுக்கு "நீயும் இப்படி இரு" என்று சொல்லிக் கொடுத்தோம்.

அக்கா ஜோஹராவும் அப்படித்தான். எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த நகையைச் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்பேன் என்று தம்பி அன்றே மனதில் உறுதி எடுத்ததை எந்த மேடையிலாவது கேட்டிருக்கிறீர்களா? கொடுத்ததைச் சொல்வோம். கடன் என்பதைச் சொல்ல மாட்டோம்.

"தாயைப் போற்றுவது தப்பா ஐயா?" என்று சிலர் கேட்பீர்கள். தப்பில்லை. ஆனால் போற்றுவதற்குக் காசு செலவில்லை. எழுந்துபோய்ச் சோற்றுப்பானையைத் திறந்து பார்ப்பதற்குத்தான் மனசு வேண்டும். விடியற்காலையில் கடலில் இறங்கிப் பாசி எடுத்துவிட்டு வந்து, எல்லோருக்கும் பரிமாறி, கடைசியில் அடிச்சோறு சாப்பிடும் பெண்கள் இந்தக் கரையில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் கைதட்டல் எதற்கு?

1976இல் ஜைனுலாப்தீன் மறைந்தார். வயது 102. அவரைத் தொடர்ந்து சீக்கிரமே ஆஷியம்மாவும் போனார். மகன் ராக்கெட் வேலையில் இருந்த காலம். 2017இல் பேய்க்கரும்பில் மணிமண்டபம் திறந்தபோது நாடே பார்த்தது. அந்தத் தாயின் கடைசி நாளைப் பற்றி எந்தப் பிள்ளையும் இதுவரை மேடையில் பேசி நான் கேட்டதில்லை.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த விழாவுக்கு எழுதிக் கொடுக்கும்போது 'ஏழை மீனவக் குடும்பம்' என்பதை அடித்துவிட்டு, 'ஆஷியம்மாவின் மகன்' என்று தொடங்குங்கள். மற்றவர்கள் இன்று ராத்திரி சாப்பிட உட்காரும் முன்னால் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பாருங்கள்.

கடைசி பெஞ்சுப் பெண்ணே, நீ இதைப் படித்தால், சார் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் அம்மா.