கம்பாலாவில் ஒரு கோடை

அமெரிக்காவில் கலாசாலை மாணவர்களுக்குக் கோடை விடுமுறை ஏறக்குறைய மூன்று மாதம். அதைக் கழிக்க வழிகள் அநேகம். கடற்கரை உண்டு, சம்பள வேலை உண்டு, ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் உண்டு. கிறிஸ்தவ பக்தி மிகுந்த இளைஞர்களும் யுவதிகளும் சிலர் இவற்றையெல்லாம் விட்டு, ஆறு வாரம், எட்டு வாரம் என்று அயல்நாட்டில் மிஷன் ஊழியம் பழகப் புறப்பட்டுவிடுகிறார்கள். வழிச்செலவுக்கு உற்றார் உறவினருக்கும் சபையாருக்கும் கடிதம் எழுதிப் பணம் சேர்க்கிறார்கள். பிறர் பணத்தில் போகிறவர்களுக்கு ஒரு கவலை கூடவே போகிறது: திரும்பி வந்ததும், "என்ன சாதித்தாய்?" என்று கேட்பார்களே! மூட்டை முடிச்சுகளைவிட இதுவே அதிக கனம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இப்படிப் பலர் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று உகாண்டா தேசம். அதன் தலைநகரான கம்பாலா, பூமத்திய ரேகைக்கு வெகு சமீபத்தில் இருக்கிறது. ஆகவே அனலாய்க் கொதிக்கும் என்று நம்பி மெல்லிய சட்டைகளாக எடுத்துப் போகிறவர்கள் முதல் இரவே ஏமாறுகிறார்கள். ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,000 அடி உயரத்தில் இருப்பதால், ஜூன் மாத இரவில் போர்வை தேடவேண்டியிருக்கிறது. வருஷம் முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் கண்டு பழகியவர்களுக்கு, ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடுவது பெரிய விந்தை. கோடை ஊழியத்துக்கு வந்த இடத்தில் கோடையே இல்லை!

மணிக் கணக்கும் வேறு. லுகாண்டா பாஷையில் காலை ஏழு மணிக்கு 'ஸாவா எமு' என்று பெயர். அதாவது ஒரு மணி. சூரியோதயத்திலிருந்து எண்ணிக்கொண்டு போகிறார்கள். உதயாதி நாழிகை பார்த்த நம் பாட்டனாருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருந்திராது. 'ரோலெக்ஸ்' என்று தெருவில் கூவி விற்பதும் கைக்கடிகாரத்தை உத்தேசித்தல்ல. முட்டை அடையைச் சப்பாத்தியில் வைத்துச் சுருட்டிய பலகாரம் அது. சப்பாத்தி அங்கே போனது இந்தியர்களோடு. 1896 முதல் 1901 வரை மொம்பாஸாவிலிருந்து விக்டோரியா ஏரி வரையில் ரயில்பாதை போட நம் தேசத்தார் ஆயிரக்கணக்கில் போனார்கள். இன்று உகாண்டாக்காரரிடம் சப்பாத்தி அந்நியப் பதார்த்தம் என்றால் சிரிப்பார்கள்.

உணவையும் மணியையும்விடக் கஷ்டமானது வந்தன உபசாரம். "சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே நகர்ந்துவிட அங்கே முடியாது. காலையில் கண்டால், இரவு எப்படிக் கழிந்தது என்று கேட்கவேண்டும். மாலையில் கண்டால், பகல் எப்படிப் போயிற்று என்று கேட்கவேண்டும். வீட்டார், குழந்தைகள் எல்லாரையும் விசாரித்த பிறகே காரியம். வயலில் கொத்திக்கொண்டிருக்கும் முன்பின் அறியாதவளுக்கும் "ஜெபலே கோ" என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 'நீ செய்யும் வேலைக்கு நன்றி' என்பது போன்ற பொருள். தம்முடைய வயலல்லவே, நாம் ஏன் நன்றி சொல்லவேண்டும் என்று அமெரிக்க மாணவருக்கு விளங்குவதற்குள் பாதி விடுமுறை போய்விடுகிறது. ஒன்பது மணிக்குப் பிரசங்கம் என்று குறித்துக்கொண்டு வேகமாய் நடப்பவரைப் பார்த்து, "ஐயோ, இவருக்கு யாரும் நல்ல பழக்கம் சொல்லிக்கொடுக்கவில்லையே!" என்று அந்த ஸ்திரீ பரிதாபப்பட்டால் நாம் குறை சொல்லமாட்டோம்.

பிரசங்கம் என்றதும் இன்னொரு விஷயம். ஆங்கிலேய மிஷனரிகள் உகாண்டாவில் காலடி வைத்தது 1877-ல். 1886 ஜூன் 3 அன்று, மன்னன் முவாங்காவின் ஆணையால், மதத்தை விட மறுத்த வாலிபர்கள் பலர் நமுகோங்கோவில் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். கத்தோலிக்கரும் பிராடஸ்டண்டுகளும் அவர்களில் உண்டு. அநேகர் அரண்மனைச் சேவகர்கள். இன்றைய கலாசாலை மாணவர் வயதுதான். ஆண்டுதோறும் அந்நாளில் லட்சக்கணக்கான யாத்ரிகர்கள் அங்கே கூடுகிறார்கள். பல நாள் கால்நடையாகவே வருகிறவர்களும் உண்டு. கொப்புளம் வெடித்த பாதங்களோடு வரும் கிழவிக்குப் பக்தியைப் பற்றி என்ன உபதேசிப்பது? ஜூன் முதல் வாரத்தில் வந்து இறங்கும் மாணவர், குறிப்புப் புஸ்தகத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வேறு ஏதாவது செய்யவேண்டுமே என்று பள்ளிக்கூடச் சுவருக்கு வர்ணம் பூசுகிறவர்களும் உண்டு. கூலிக்குப் பூசத் தெரிந்த ஆள் அதே தெருவில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பான். இது நமக்குச் சம்மதமில்லை.

மெய்யான பரீட்சை சாப்பாட்டு வேளையில் வருகிறது. மஞ்சள் நிறத் தகரடப்பா வடிவிலான பிளாஸ்டிக் குடத்தில், 20 லிட்டர் தண்ணீரைச் சிறுமி குழாயடியிலிருந்து சுமந்து வந்திருக்கிறாள். அதில் பெரும்பங்கு விருந்தாளியின் ஸ்நானத்துக்கு. வாழையிலையில் பொதிந்து அவித்த மடோக்கேயும் வேர்க்கடலைக் குழம்பும் தயார். விருந்தாளியை உத்தேசித்துக் கோழியும் அறுத்தாயிற்று. குழந்தைகளுக்குப் பள்ளிச் சம்பளம் பாக்கி என்று மாணவருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல நா எழுகிறது. சொன்னாலோ வீட்டுக்காரியின் முகம் வாடிவிடும். அவளிடம் கொடுக்க இருப்பதையும் மதிப்பில்லாததாக்கியதாகும். கொடுக்கவென்று கடல் கடந்து வந்தவர் கையலம்பி உட்கார்ந்து வாங்கிச் சாப்பிடுகிறார். ஊருக்கு எழுதும் கடிதத்தில் இதைச் சாதனை என்று எழுத முடியுமா? எழுதத்தான் வேண்டும் என்போம்.

விருந்தாளியை வாசலோடு அனுப்பிவிடும் வழக்கம் அங்கே கிடையாது. வீட்டார் கூடவே பாதி வழி நடந்து வருகிறார்கள். முதல் வாரத்தில், "எனக்கு வழி தெரியாதென்று எண்ணுகிறார்களோ?" என்று வெட்கப்படும் மாணவர், எட்டாவது வாரத்தில் வேண்டுமென்றே மெதுவாக நடக்கிறார்.